கார் ஜப்பானியம் கதைத்தது

கார் வந்து சேர்ந்த அடுத்த நாள் விடியக்காலை அப்பாவை முன் சீற்றில் ஏற்றினேன். பிறேக்கை மிதித்துக்கொண்டு வட்டமான பட்டனை அழுத்தினேன். மீற்றர் வெளிச்சம் வந்தது, பச்சையாக ‘றெடி’ என்ற எழுத்தும் வந்தது. சத்தம் ஒன்றுமில்லை.

"பிடிக்கேல்லை. இன்னொருக்கால் அடி பிள்ளை," என்றார் அப்பா.

"பிடிச்சிட்டுது அப்பா."

"எங்கை பிடிச்சது? எஞ்சின் சத்தத்தையே காணேல்லை."

அந்த நேரம் பார்த்து, எனது முழங்காலுக்குக் கிட்ட எங்கேயோ இருந்து ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது: "ஈ டீ ஷீ காடோ கா சோன்யூ சரேத்தே இமாசென்." அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் இருபத்தைந்து வருசம் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 ஓட்டி ஹயர் பிடித்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, சுன்னாகத்துக்கும் சாவகச்சேரிக்கும் ஆட்களை ஏற்றி இறக்கினவர். சத்தத்தைக் கேட்டே எந்த பிளக் அடிக்கவில்லை என்று சொல்லுவார். அவருக்கு முன்னால் சத்தமே போடாத காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வார்?

நான் வாங்கினது ரொயோட்டா அக்குவா. 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஜப்பானில் ஓடி, 2015 கடைசியில் இலங்கைக்கு இறங்கி, கொழும்பில் இரண்டு கை மாறி, மூன்றாவதாக என்னிடம் வந்தது. இந்த மொடல் ஜப்பானில் 2011 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. வேறு சில நாடுகளில் இதற்கு ‘பிரியஸ் சீ’ என்று பெயர். 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை போன போக்கு எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தடை எடுபட்டபோது விலை குறையும் என்று காத்திருந்தேன், புதுசுகளுக்குப் போட்ட வரியைக் கேட்ட பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டேன். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி, கிழமைக்கு 20 லீற்றருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு ஹைபிரிட் என்ற சொல்லில் ஒரு பக்தி இருக்கும். எனக்கும் இருந்தது.

விற்றவர் தந்தவை: ஒரு திறப்பு, வாகனப் புத்தகம், இரண்டொரு சேர்விஸ் துண்டுகள், டாஷ்போர்ட் லாச்சிக்குள் முந்நூறு பக்கத்தில் தடித்த கையேடு. கையேடு முழுவதும் ஜப்பானிய மொழி. காருக்குள்ளும் அப்படித்தான். நடுவில் இருக்கிற சின்னத் திரை, ரேடியோ செட், சூரிய மறைப்பின் எச்சரிக்கை, பெற்றோல் மூடிக்குள் ஒட்டியிருந்த துண்டு, எல்லாமே படம்போல் தெரிந்தன, எழுத்தாய்த் தெரியவில்லை. செட்டில் மொழி மாற்றுகிற இடம் இருக்கும் என்று மெனு மெனுவாய்த் தேடினேன். உள்ளூர்ப் பாவனைக்குச் செய்த கார், அவர்கள் ஏன் இன்னொரு மொழி வைக்கப்போகிறார்கள்?

போன் கமராவைப் பிடித்தால் எழுத்தை மொழிபெயர்த்துக் காட்டுகிற வசதி இருக்கிறதல்லவா, அதைத்தான் நம்பினேன். ஒரு சீஆர் கொப்பி எடுத்து, ஒவ்வொரு பட்டனையும் கீறி, பக்கத்தில் போன் சொன்னதையும் நான் அழுத்திப் பார்த்தபோது நடந்ததையும் எழுதினேன். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. கார் படத்துக்குப் பக்கத்தில் அலை வருகிற ஒரு பட்டனுக்குப் போன் சொன்ன மொழிபெயர்ப்பு, ‘வாகனம் நெருங்குகிறது’. யார் நெருங்குகிறார் என்று நான் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம். மின்னில் மெதுவாக ஓடும்போது நடந்து போகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று கார் ‘ஊஊ’ என்று ஒரு மெல்லிய சத்தம் போடும். அதை நிறுத்தி வைக்கிற பட்டன் அது. ஒழுங்கைக்குள் ஆடும் சைக்கிளும் கோழியும் போகிற ஊரில் அதை நிறுத்த எனக்கு மனமில்லை.

இனி அந்தப் பெண் குரல். ஜப்பானின் நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணத்தை நிற்காமல் கட்டுவதற்கு ஒரு கருவி இருக்கிறது, ஈடிசி என்பார்கள். அதற்குள் அட்டை போடாவிட்டால் ஒவ்வொரு முறை காரை எழுப்பும்போதும் ‘அட்டை செருகப்படவில்லை’ என்று அறிவிக்கும். அட்டை ஜப்பானிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெற்கு அதிவேகப் பாதையில் இந்தக் கருவிக்கு வேலையுமில்லை. பத்து வருசமாக இரண்டு சொந்தக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே ஓடியிருக்கிறார்கள் என்பதை நினைக்கத்தான் ஆச்சரியமாய் இருந்தது. என்னுடைய சின்னவன் இரண்டாம் நாளே அந்த வசனத்தைப் பாடமாக்கிவிட்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அதைத்தான் சொல்லுகிறான்.

கருவி ஸ்ரியறிங்குக்குக் கீழே, வலப்பக்கப் பிளாஸ்ரிக் மறைப்பில் பொருத்தியிருந்தது. மறைப்பு வெறும் கிளிப்பில் நிற்கிறது. உலோக ஸ்குரூ டிரைவரால் கிண்டினால் தடம் விழும், பழைய ரெலிபோன் அட்டை ஒன்றைச் செருகி நெம்பினேன். பின்னால் ஒரு வெள்ளைப் பிளக். அதன் நாக்கை அழுத்தி இழுத்தேன், குரல் நின்றது. வயரை அறுக்கவில்லை. அறுக்கச் சொன்னவர்கள் இருவர். அறுத்த வயரின் நுனி எங்கேயாவது முட்டி பியூஸ் போனால் யார் தேடுவது? பிளக்கைச் சுற்றித் துணி ரேப் ஒட்டிக் கட்டிவிட்டேன், ஆடிச் சத்தம் போடாது.

மணிக்கூடு அடுத்த பிரச்சினை. செட்டில் எப்போதும் மூன்றரை மணித்தியாலம் முந்தியே காட்டும். இந்த நேரத்தை அது செய்மதியிலிருந்து எடுத்து, ஜப்பானிய நேரத்துக்குக் கணக்குப் பார்த்துப் போடுகிறது. நாங்கள் கிரீனிச்சுக்கு ஐந்தரை முந்தி, அவர்கள் ஒன்பது. கையால் மாற்ற வழியே கிடைக்கவில்லை. இப்போது அதைப் பார்த்துக் கழித்துச் சொல்லுவது பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி. பள்ளிக்கூடம் போகும்போது கார் பதினொன்று என்கிறது, ஏழரை.

ரேடியோவும் இதே கதைதான். ஜப்பானுக்கென்று செய்த இந்தச் செட்டில் எஃப்எம் 76இல் தொடங்கி 90இல் முடிகிறது. எங்களுக்கு 87.5இலிருந்து 108 வரை. ஆகவே எனது செட்டுக்கு எட்டுகிற இடைவெளி இரண்டரை மெகாஹேர்ட்ஸ்தான். 100க்கு மேல் ஒலிபரப்பாகிற சூரியனும் சக்தியும் அதற்குள் எப்படி வரும்? இதற்கென்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அன்ரெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவே போட்டால், வருகிற அலைவரிசையைக் குறைத்துக் கொடுக்கும். நான் வாங்கினது 20 குறைக்கிற வகை: 103.4 என்பது 83.4ஆகத் தெரியும்.

பூட்டுவதற்கு செட்டைக் கழற்ற வேண்டும். சுற்றியுள்ள மறைப்பைக் கீழிருந்து மேலாகக் கையால் இழுத்தால் ‘டக் டக்’ என்று கிளிப் விடும். அந்தச் சத்தம் கேட்கும்போது எதையோ உடைத்துவிட்டோம் என்றே தோன்றும், உடையாது. உள்ளே 10 மில்லிமீற்றர் தலைப் போல்ற் நாலு. செட்டை முழுதாய் வெளியே இழுக்காமல் முன்னே சாய்த்துப் பிடித்தால் அன்ரெனாப் பிளக்குக்குக் கை போகும். பெட்டிக்குக் கரண்ட் தர, செட் எழும்பும்போது மட்டும் உயிர்வருகிற வயரில் இணைக்க வேண்டும். எப்போதும் கரண்ட் வருகிற வயரில் கொடுத்தால் இரவிரவாகப் பற்றரியைக் குடிக்கும். ரெஸ்ரர் லைற்றைப் பிடித்து, காரை நிறுத்தியும் எழுப்பியும் பார்த்து வயரைத் தெரிந்துகொண்டேன். அரை மணித்தியால வேலை, எனக்கு ஒரு பின்னேரம் போனது. நான் வேறு செட் வாங்க யோசிக்காததற்குக் காரணம், இந்த ரொயோட்டா செட்டின் அகலம் 200 மில்லிமீற்றர். கடைகளில் வருகிற சாதாரண இரட்டைச் செட் 178. பக்கத்து இடைவெளியை நிரப்பத் தனிச் சட்டம் வாங்கவேணும்.

நாலாம் நாள் பின்னேரம் பெரியவன் முன் சீற்றின் கால்வைக்கிற பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன், ஓடி வந்து கையை விரித்தான். சிவப்பு நிறத்தில், ஒரு சாண் நீளத்தில், மூடியோடு ஒரு குழாய். அப்பா திண்ணையிலிருந்து எழும்பி நின்றுவிட்டார். "அதைக் கீழை வை. மெதுவா வை," என்றார். இந்த ஊரில் சிவப்புக் குழாயைப் பார்த்தால் என்ன நினைப்பு வரும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அது வீதியில் வாகனம் நின்றால் கொளுத்தி வைக்கிற தீப்பந்தம். ஜப்பானில் ஒவ்வொரு காரிலும் இப்படி ஒரு எச்சரிக்கைச் சாமான் சட்டப்படி இருக்க வேண்டும். கொளுத்தினால் ஐந்து நிமிடம் அளவில் சிவப்பாய் எரியும். நாலு வருசம்தான் அதன் ஆயுள், இதன் திகதி எப்போதோ முடிந்திருந்தது. எங்கள் வெயிலில் நிறுத்திவைக்கிற காருக்குள் காலாவதியான தீப்பந்தம் எதற்கு? கராஜ்த் தம்பியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அக்கா, கொழும்பிலையிருந்து வரேக்கை எத்தினை இடத்திலை மறிச்சவங்கள்?" என்று கேட்டார். ஒரு இடத்தில். புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டார்கள்.

பழைய ஜப்பானியக் கார் வாங்குகிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லுவதானால், விலை பேசுவதற்கு முன்னமே கதவு நிலைகளைப் பாருங்கள். நான் வாங்கிய பிறகுதான் பார்த்தேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உடம்பில் ரயர் காற்று அளவு ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே மங்கின இன்னொரு ஸ்ரிக்கர். ஜப்பானில் ஒயில் மாற்றுகிற இடங்கள் மாற்றின திகதியையும் மீற்றரையும் எழுதி இப்படி ஒட்டிவிடுவார்கள். போனைப் பிடித்தேன். 27ஆம் வருடம், 8ஆம் மாதம், 41,400 கிலோமீற்றர்.

27 என்பது அவர்களுடைய ஹெய்செய் ஆண்டு. 1989 முதலாவது வருடம் என்று எண்ணினால் 27 என்பது 2015. ஆக 2015 ஓகஸ்ட்டில் இந்தக் கார் 41,400 ஓடியிருக்கிறது. விற்றவர் தந்த துண்டுகளில் பழையதை எடுத்துப் பார்த்தேன்: 2016 பெப்ரவரி, கொழும்பில் முதல் சேர்விஸ், 14,200 கிலோமீற்றர்.

ஆறு மாதத்தில் கப்பலில் ஏறி வந்த கார் 27,200 கிலோமீற்றர் பின்னோக்கி ஓடியிருக்கிறது. நான் வாங்கும்போது மீற்றரில் 98,300. அப்படியென்றால் ஆகக் குறைந்தது 125,500. ஓகஸ்டுக்கும் கப்பலுக்கும் இடையில் எவ்வளவு ஓடினது என்பது கணக்கில் இல்லை.

விற்றவருக்கு அழைத்துச் சொன்னேன். அவர் தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்; அவர் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை, அவர் இரண்டாம் கை. நடுவில் நின்ற புரோக்கர், "மீற்றரை ஏன் பாக்கிறியள், வாகனத்தைப் பாருங்கோ" என்றார். அந்த ஆளுக்குக் காசு ஏற்கெனவே போய்விட்டது. ஏலத் துண்டைக் கேட்டு வாங்கியிருக்க வேணும் என்று எனக்கு நானே திட்டிக்கொண்டேன். ஜப்பானிய ஏலங்களில் ஒவ்வொரு காருக்கும் தரமும் மீற்றரும் கீறலும் நெளிவும் குறித்த ஒரு தாள் இருக்கும். கார் படத்தில் ‘ஏ’ என்று இருந்தால் கீறல், ‘யூ’ என்றால் நெளிவு, இரட்டை ‘எக்ஸ்’ போட்டிருந்தால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது, தரம் ‘ஆர்’ என்றால் அடிபட்டுத் திருத்தினது. தாளைக் காட்டாமல் தரத்தை மட்டும் வாயால் சொல்லுகிறவரிடம் வாங்கக் கூடாது. நான் வாங்கினேன்.

அந்த 27,200ஐ அறிந்ததால் செலவுக் கணக்கு மாறியது. இந்த எஞ்சினுக்கு வருகிற இரிடியம் பிளக்குகளை ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்றுவது வழக்கம். மீற்றரை நம்பியிருந்தால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று விட்டிருப்பேன். கழற்றிப் பார்த்தால் நாலும் தேய்ந்து இடைவெளி அகன்று போயிருந்தன. மாற்றினேன். இந்தக் காரில் கூலன்ற் போத்தல் இரண்டு: எஞ்சினுக்கு ஒன்று, மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டருக்கு ஒன்று. பழைய கார் பழகினவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், இன்வேர்ட்டர் போத்தலில் குறைந்த கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டுக்கும் இளஞ்சிவப்புக் கூலன்ற். ஒயில் 0டபிள்யூ-20, நாலு லீற்றர் கலன் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும்.

பொனற்றைத் திறந்து வைத்திருந்தபோது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"பெல்ற் எங்கை?"

"இல்லை அப்பா."

"ஃபான் பெல்ற்?"

"ஒரு பெல்ற்றும் இல்லை. தண்ணிப் பம்பும் ஏசியும் கரண்டிலை ஓடுது. ஸ்ரார்டர் மோட்டரும் இல்லை, டைனமோவும் இல்லை."

"அப்ப இதுக்குள்ளை என்னதான் இருக்கு?" என்று போய்விட்டார். தன் ஏ40க்குப் பெல்ற் அறுந்த அன்று அம்மாவின் நைலோன் சேலைக் கரையைத் திரித்துக் கட்டி வீடு வந்த கதை அவரிடம் இருக்கிறது. அந்தக் கதைக்கு இந்தக் காரில் இடமில்லை.

அடுத்தது, எனக்குப் பயமாயும் ஆர்வமாயும் இருந்த வேலை. ஹைபிரிட் பற்றரி பின் சீற்றின் கீழே கிடக்கிறது. 144 வோல்ற், நிக்கல் வகை, 20 தொகுதிகள். மோட்டருக்குக் கொடுக்கும்போது இன்வேர்ட்டர் அதை 520 வோல்ற் வரைக்கும் ஏற்றுகிறது. அந்தப் பற்றரிக்குக் குளிர் காற்று எங்கிருந்து போகிறது? நாங்கள் இருக்கிற காபினிலிருந்துதான். பின் சீற்றின் கீழ்ப்பக்கத்தில் சின்னப் பிளாஸ்ரிக் வலை ஒன்று இருக்கும், அதுதான் மூக்கு. அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பைகளை அடுக்கினால், அல்லது தூசி அடைத்தால், பற்றரி வெந்து, காலம் முந்திப் போகும். பற்றரி போய்விட்டது என்று இலட்சக் கணக்கில் செலவழிக்கிற பல பேருக்கு முதல் காரணம் இந்த மூக்குத்தான் என்று கராஜ்த் தம்பி சொல்லுவார்.

காரின் கணினி சொல்லுவதைப் போனுக்கு அனுப்புகிற ஒபிடி ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி, ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் செருகி, ‘டொக்டர் பிரியஸ்’ என்ற செயலியைப் போனில் போட்டேன். நல்ல வெயிலில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி வரைக்கும் ஏ9 வீதியில் போய் வந்து பார்த்தபோது பற்றரி வெப்பம் 47 பாகை. கூடத்தான்.

சீற்றின் இருக்கைப் பகுதி முன் விளிம்பில் கிளிப்பில் நிற்கிறது. கையை அடியில் விட்டு நேரே மேலே தூக்கினால் விடும். வலையைக் கழற்றிப் பார்த்தேன். தூசி இல்லை, தூசியால் செய்த துணி. சாம்பல் நிறத்தில் உரித்து எடுக்கக்கூடியதாய் இருந்தது, நடுவில் யாருடைய பிள்ளையின் கோன் ரொபியோ, தாள் மட்டும். வலையை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தேன். உள்ளே ஃபானிலும் தூசி இருக்கும், அதற்குப் பற்றரிக்குப் பக்கத்தில் கை போகவேணும். அதை நான் செய்யவில்லை. செம்மஞ்சள் நிறத்தில் ஓடுகிற கேபிள் எதையும் தொடாதே என்பதை ஜப்பானியம் தெரியாமலே புரிந்துகொள்ளலாம். தம்பி இரப்பர்க் கையுறை போட்டு, பற்றரியின் இணைப்புப் பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு ஃபானைக் கழற்றிப் பிறஷ்ஷால் துடைத்தார். தகடுகளில் ஒட்டியிருந்த தூசியால் ஃபானின் கனமே கூடியிருந்தது. திரும்ப அதே வீதி, அதே நேரம், அதே போல வெயில்: 41 பாகை.

இந்த வேலையில் நான் செய்த பிழையையும் எழுதவேணும். பாதுகாப்பு என்று நினைத்து, தம்பி வருவதற்கு முதலே 12 வோல்ற் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டேன். அது அதே சீற்றுக்குக் கீழே ஒரு மூலையில் இருக்கிறது. எல்லாம் பூட்டி முடித்துக் காரை எழுப்பினால் கார் எழும்பியது, செட் எழும்பவில்லை. திரையில் ஒரு நீண்ட இலக்கமும் அதன் கீழே ஒரு வெற்றுக் கட்டமும். கரண்ட் அறுந்தால் களவெடுத்த செட் என்று நினைத்துப் பூட்டிக்கொள்கிற வகை. தம்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "அக்கா, என்னட்டைக் கேட்டிருக்கலாமே. வேறை பற்றரி ஒண்டைக் கொழுவிப் பிடிச்சுக்கொண்டு கழட்டியிருப்பன்."

ரேடியோ போனது. சூரியன் போனது. பின் கமராவும் போனது. கமரா இல்லாமல் எங்கள் ஒழுங்கையில் பின்னுக்கு எடுப்பது கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. திரையில் இருந்த இலக்கத்தைப் படமெடுத்துக் கொழும்பில் இதே தொழிலாய் இருக்கிற ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். காசு போட்ட பிறகு கடவுச்சொல் வந்தது. அடித்தேன், செட் எழும்பியது, மணிக்கூடு மூன்றரை மணித்தியாலம் முந்திக் காட்டியது. இவ்வளவு சந்தோசமாய் அதை நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

அதே பற்றரியைப் பற்றி இன்னொன்று. அது இறங்கிப்போனால் பின் கதவும் திறக்காது, ஏனென்றால் பின் கதவின் பூட்டும் கரண்டில்தான். அந்த நேரத்தில் சீற்றைத் தூக்கிக் கொண்டிருக்கத் தேவையில்லை, பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு முனை வைத்திருக்கிறார்கள், அதில் கொழுவினால் போதும். மாற்றுவதானால் சாதாரணப் பற்றரி போடக் கூடாது. காபினுக்குள் இருக்கிறபடியால் வாயுவைக் குழாய் வழியாக வெளியே விடுகிற வகை வேணும். எஸ்34பி20ஆர் என்று கேட்க வேண்டும்.

சின்னச் சின்னதாய்க் கொப்பியில் இருப்பவை: ஸ்பெயர் ரயர் இல்லை. பின் தட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு சின்னக் காற்றுப் பம்பும் ஓட்டை அடைக்கிற பசைப் போத்தலும். போத்தலின் திகதி முடிந்து பல வருசம். ஏ9இல் மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் ரயர் போனால் நான் இதை வைத்து என்ன செய்யிறது? ஒரு பழைய ரயரும் ஜக்கும் வாங்கிப் பின்னால் போட்டுவிட்டேன், இடம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. ரயர் காற்று ஸ்ரிக்கரில் முன்னுக்கு 230, பின்னுக்கு 220 கிலோபாஸ்கல். பிஎஸ்ஐயில் 33உம் 32உம். பெற்றோல் செட்டில் கேட்காமல் 40 அடித்துவிடுகிறார்கள். ரயர் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கிறது, முன் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருசம். பின் ரயர்களில் 3216. ஒன்பது வருச ரயர். அதையும் மாற்றினேன். பின் கண்ணாடியில் வட்டமாய் ஒரு ஸ்ரிக்கர்: கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று சைத்தாமாப் பொலிஸ் கொடுத்த அத்தாட்சி. அதை உரிக்கவில்லை.

கியரில் ‘என்’ (நியூட்றல்) பற்றித் தெரியாமல் நான் ஒரு கிழமை ஓட்டியிருக்கிறேன். கோண்டாவில் புகையிரதக் கடவையில் கதவு போட்டால் எல்லோரையும் போல ‘என்’இல் போட்டுவிட்டு ஏசியோடு இருப்பேன். ‘என்’இல் இந்தக் கார் ஹைபிரிட் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றாது, ஏசி குடித்துக்கொண்டே இருக்கும். நிற்பதானால் ‘டி’யில் பிறேக்கோடு, நேரம் எடுத்தால் நிறுத்தி வைக்கிற ‘பீ’ (P). கை பிறேக்குக்குக் கிட்ட இருக்கிற, மின்னில் மட்டும் ஓட்டுகிற ‘ஈவி’ பட்டன் கேட்கப் பெரிதாய் இருக்கும், ஒரு கிலோமீற்றருக்கு மேல் அது தாங்காது. இரவு பிந்தி வந்து அயலை எழுப்பாமல் படலைக்குள் நுழைய மட்டும் பாவிக்கிறேன்.

பெற்றோல் கணக்கு: நிரப்பி, 612 கிலோமீற்றர் ஓடி, திரும்ப நிரப்பினபோது 27.4 லீற்றர். லீற்றருக்கு 22.3. கார் தன் திரையில் 24.1 என்று பெருமை பேசியது. ஜப்பானின் ஜேசி08 என்ற எரிபொருள் சோதனையில் இதற்குக் கொடுத்த 37ஐ யார் எந்த வீதியில் எடுத்தார்களோ.

கடைசியாக மிஞ்சியது ‘டி’க்குக் கீழே இருந்த ஆங்கில ‘பி’ (B) என்ற கியர். இறக்கத்தில் எஞ்சினால் பிடிப்பதற்கு என்று போன் மொழிபெயர்த்தது. யாழ்ப்பாணத்தில் இறக்கம் என்றால் சங்குப்பிட்டிப் பாலம் இறங்குகிற இடம்தான். அதில் போட்டுப் பார்த்தேன், கார் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவே. பள்ளி விடுமுறைக்கு அப்பாவுக்கு நேர்த்தி ஒன்று இருந்தது, சீத்தாஎலிய சீதையம்மன் கோயிலுக்கும் றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலுக்கும் போனோம். ஏறும்போது அப்பா தேயிலையைப் பார்த்தபடி வந்தார், காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பளைப் பக்கம் இறங்கத் தொடங்கியபோது பிறேக் பிடிக்கப் பிடிக்கப் பற்றரி நிறைந்துகொண்டே வந்தது. றம்பொடைக்குக் கிட்ட வரும்போது திரையில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டன. இனி அந்தக் கரண்டை வைக்க இடமில்லை. ‘பி’யில் தட்டினேன். மிஞ்சின கரண்டைச் செலவழிக்க, கார் பெற்றோல் இல்லாமலே எஞ்சினைப் பிடித்துச் சுழற்றத் தொடங்கியது. ஐந்து மாதமாய்க் கேட்காத ஒரு இரைச்சல் பொனற்றுக்குள்ளிருந்து எழும்பி மலையில் பட்டுத் திரும்பியது.

அப்பா நிமிர்ந்து இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பதான் பிடிச்சிருக்கு," என்றார்.